மூன்று தாள் உயர அம்மா

காவல் நிலையத்தில் அவளுக்குப் படக்காரம்மா என்று பெயர். ஓடிப்போன திருடனை ஒரு கணம் பார்த்தவர்கள், இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்காரனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள், பக்கத்து இருக்கையில் இனிக்க இனிக்கப் பேசியவளிடம் பையைப் பறிகொடுத்தவர்கள் என்று எல்லாரும் கடைசியில் நடைகூடத்தின் கோடியில் இருந்த அவளுடைய அறைக்குத்தான் வந்து சேர்வார்கள். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அடுத்த அறை கண்டெடுத்த பொருட்களைப் போட்டு வைக்கும் கிடங்கு. அங்கே இடம் போதாத குடைகளெல்லாம் இவள் அறை மூலையில் வந்து சாய்ந்து நிற்கும்.

பார்த்தவர் சொல்லச் சொல்ல இவள் வரைய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பயந்து போனவர்களுக்கு அவ்வளவு சுலபத்தில் வார்த்தை வராது. "சாதாரண மூஞ்சிதாங்க" என்பார்கள். சாதாரண மூஞ்சி என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். "மூக்கு பெருசா?" என்று ஒருநாளும் கேட்க மாட்டாள், கேட்டால் ஆமாம் என்று தலையாட்டி விடுவார்கள். "மூக்கைப் பத்திச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பென்சில் நகராது. வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டி, "இதுல எது தப்பு?" என்பாள். சரியா என்று கேட்டால் மரியாதைக்காவது சரி என்று சொல்லிவிடுவார்களே!

பதினெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. எல்லாம் நேர்ப்பார்வை முகங்கள், எல்லாம் தோளோடு சரி. மூலையில் வழக்கு எண் இருக்கும், வரைந்தவள் பெயர் இருக்காது. ஆள் பிடிபட்டால் படம் கோப்புக்குள் போகும். பிடிபடாவிட்டால் சுவரில் கிடந்து மஞ்சளாகும். பஸ் ஓட்டும் அவள் கணவர் இதை வைத்தே கேலி செய்வார். "என் பொண்டாட்டி கையால ஒரு படம் வரைஞ்சுக்கணும்னா, முதல்ல நான் எதையாவது திருடணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சிரித்துக்கொண்டே அவளும் கேட்டுக்கொள்வாள்.

அந்த நாள் பிற்பகலில், பெரிய பேருந்து நிலையத்தின் டிக்கெட் பரிசோதகர் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்தும் தேடி யாரும் வரவில்லையாம். குழந்தை அழவில்லை. உள்ளே வந்ததும் வராததுமாக ஆய்வாளரின் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து நிலையத்தில் அவள் சின்ன மேடம்.

ஆய்வாளர் குனிந்து, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா, எப்படிம்மா தொலைஞ்சு போனே?"

"நான் தொலையல. நான் அங்கேயேதான் நின்னுட்டிருந்தேன். அம்மாதான் தொலைஞ்சு போயிட்டாங்க."

"அம்மா பேரு என்ன?"

"அம்மா."

"வீடு எங்கேம்மா?"

"படி ஏறினா வரும்."

ஆய்வாளர் நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். பெரிய பெரிய ஆட்களிடமெல்லாம் உண்மையை வரவழைத்தவர், இந்தச் சுண்டைக்காயிடம் தோற்றுப் போனார். "படக்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

படக்காரம்மா குழந்தையைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். நாற்காலி உயரமாக இருந்ததால் இருவரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். பெரியவர்களைக் கேட்பது போலவேதான் குழந்தையையும் கேட்டாள்.

"அம்மாவைப் பத்திச் சொல்லுங்க."

"எங்க அம்மா ரொம்ப உயரம். லைட்டுக் கம்பம் இருக்குல்ல, அவ்வளவு."

"சரி. அப்புறம்?"

"கையில நீலக் கலர்ல பிளாஸ்திரி. செருப்புல பூ இருக்கும். இந்தச் செருப்புல இருக்கு, அந்தச் செருப்புல இல்ல. விழுந்துடுச்சு."

"முகம்?"

குழந்தை அண்ணாந்து கூரையைப் பார்த்து யோசித்தாள். "தாடைக்கு அடியில ஒரு எறும்பு இருக்கு. ஊதினாலும் போகாது."

படக்காரம்மா தாளிலிருந்து நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் தாடைக்கு அடியில் இருப்பதைப் பற்றிச் சொன்னதில்லை. அவ்வளவு கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவர்கள் யாரும் அவளிடம் வந்ததில்லை. தாளைத் திருப்பி நெடுக்காகப் போட்டாள். கீழே இரண்டு பெரிய பாதங்கள், ஒரு செருப்பில் மட்டும் பூ. அதற்கு மேலே தொங்கும் கை, ஒரு விரலில் பிளாஸ்திரி. மேலே போகப் போக உருவம் குறுகிக் குறுகி, உச்சியில் ஒரு தாடை, அதன் அடியில் ஒரு மச்சம்.

"இதுல எது தப்பு?"

"அம்மா இன்னும் பெருசு."

இன்னொரு தாளை எடுத்து மேலே ஒட்டினாள். தலையை அழித்து அதில் ஏற்றினாள். "இப்போ?"

"இன்னும்."

மூன்றாவது தாளை ஒட்டிய பிறகுதான் சின்ன மேடத்துக்குத் திருப்தி வந்தது. படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தபோது ஆய்வாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவங்களைக் கூட்டிட்டு வரணும்னா கிரேன் அனுப்பணும் போல இருக்கே!"

அங்கிருந்த பெண் காவலர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்து எல்லாப் பேருந்து நிலையங்களுக்கும் சொன்னார்: ஒரு செருப்பில் பூ, இன்னொன்றில் இல்லை, விரலில் நீலப் பிளாஸ்திரி, தாடைக்கு அடியில் மச்சம். நாற்பது நிமிடத்தில் நகரத்தின் மறுகோடி நிலையத்திலிருந்து பதில் வந்தது. அங்கே ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள், கழிப்பறை துடைக்கும் அம்மாள் கீழே குனிந்தபோது அந்தச் செருப்பைப் பார்த்தாள் என்று. குழந்தை பஸ்ஸில் ஏறிவிட்டது என்று நினைத்து அந்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருந்தாள் அந்தத் தாய்.

ஜீப்பில் வந்து இறங்கியவளையும் படத்தையும் நிலையமே மாறி மாறிப் பார்த்தது. ஐந்தடிகூட இல்லை, ஒரு பிடி உருவம். ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் இடுப்பில் கைவைத்து, "எங்க போனீங்க? எவ்வளவு நேரம் தேடுறது?" என்று அதட்டினாள். தாய் அழுது, சிரித்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, யாரும் தன்னை இன்னொரு தடவை பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்பது போல் வேகமாகப் போய்விட்டாள். படம் மேஜை மேலேயே கிடந்தது. பெண் காவலர் அதை நிலையத்து வாசற்கதவின் உட்புறத்தில் ஒட்டினார். கதவு முழுக்க அம்மா.

நாலைந்து மாதம் கழித்து ஒரு போன் வந்தது.

"நிலையத்துக் கதவுல இருக்கற படம், நீங்க வரைஞ்சதா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆமாங்க. அவங்களை எங்க பார்த்தீங்க? எத்தனை மணிக்கு?" என்று படக்காரம்மா பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துவிட்டாள்.

"நான் யாரையும் பார்க்கலைங்க. படத்தைத்தான் பார்த்தேன்."

பேசியது குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர். காணாமல் போன சான்றிதழுக்காகப் புகார் கொடுக்க வந்தவர், கதவின் முன்னால் கால்மணி நேரம் நின்றிருக்கிறார். கதையைப் பெண் காவலர் சொல்லியிருக்கிறார். "இதை ஒரு படப் புத்தகமா பண்ணலாம். நீங்க வரையணும்" என்றார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவள் மாதிரி, படக்காரம்மா சரி என்று சொல்லிவிட்டாள்.

பதிப்பகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. அலமாரிகள் எல்லாம் இடுப்புயரம். பதிப்பாசிரியர் அவளைவிட வயதில் குறைந்தவர், பேச்சில் கறார். முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதியெல்லாம் படம்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். வெள்ளைத் தாள்களை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கொண்டுவரச் சொன்னார். "அப்புறம், அந்த அம்மாகிட்ட அனுமதி வாங்கணும். அது உங்க பொறுப்பு."

படக்காரம்மா இரண்டாவதைத் தள்ளிப் போட்டாள். முதல் வேலையே மென்னியைப் பிடித்தது. அந்தக் கதவுப் படத்தை விட்டால், தோளுக்குக் கீழே அவள் வரைந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. கை வரைந்தால் கையுறை மாதிரி வந்தது. கால் வரைந்தால் மேஜைக்கால். சிரிக்கிற முகம் ஒன்றுகூட அவள் பென்சிலுக்குப் பழக்கமில்லை. அவளிடம் வந்தவர்கள் யாரும் சிரித்தவனைப் பற்றிப் புகார் கொடுத்ததில்லையே! பதினைந்து வயது மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, இந்த ஆளுக்கு ஆறு விரல் இருக்கு" என்றாள்.

வீட்டில் இருந்த இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள். மகளை நாற்காலி மேல் ஏறி நிற்கச் சொன்னாள். கணவரை முன்னறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டாள். "நில்லுங்க. அந்தக் காலைத் தூக்கினபடியே நில்லுங்க."

"கல்யாணம் ஆகி இருபது வருஷம். இன்னைக்குத்தான் எனக்குக் காலு இருக்குன்னே பார்க்கறே" என்றார் அவர், கொக்கு மாதிரி நின்றுகொண்டு.

மூன்று மாதம் கழித்து முதல் மாதிரியைக் கொண்டுபோனாள். பதிப்பாசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் முகத்தைப் படிப்பது படக்காரம்மாவுக்குப் பெரிய வேலையில்லை. நான்காவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

"எல்லாரும் நம்மளையே பார்க்கறாங்க" என்றார் பதிப்பாசிரியர். "பஸ் ஸ்டாண்டுல நிக்கற பலூன்காரர்கூட ஏதோ பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காரு."

அடுத்த மாதிரிக்கு அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். விற்கிற படப் புத்தகங்களையெல்லாம் நின்றபடியே பார்த்தாள். வட்டக் கண், ரோஜாக் கன்னம், பொம்மை மாதிரிச் சிரிப்பு. அதே மாதிரி வரைந்தாள், நன்றாகவும் வந்தது. மகளே கைதட்டினாள். பதிப்பாசிரியர் இந்த முறை பாதியிலேயே மூடி வைத்துவிட்டார்.

"இது அழகா இருக்குங்க. ஆனா இது உங்களுது இல்ல. கதவுல இருந்த படத்தை வரைஞ்சவங்க இதை வரையல."

படக்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரிஞ்ச மாதிரி வரைஞ்சா போலீஸ் படம்கறீங்க. எல்லாரையும் மாதிரி வரைஞ்சா என்னுது இல்லைங்கறீங்க. கையைக் கட்டிப் போட்டுட்டு நீந்துன்னா எப்படிங்க?"

"அந்தக் குழந்தை உங்ககிட்ட என்ன சொன்னா? அதை மறுபடி கேட்டுப் பாருங்க" என்றார் அவர், கொஞ்சமும் சளைக்காமல். "அனுமதி வாங்கிட்டீங்களா?"

வாங்கவில்லை. இனித் தள்ளிப்போட வழியுமில்லை. கதவிலிருந்து படத்தைக் கவனமாகப் பெயர்த்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் அந்த வீட்டைத் தேடிப் போனாள். குறுகலான படிக்கட்டு; படி ஏறினால் வீடு வந்தது. தாய் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அடுக்கிக் கட்டும் வேலையில் இருந்தாள். மாவில் விழுந்தாலும் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே வெட்டுக்காயத்துக்கு நீலப் பிளாஸ்திரி போடுகிறார்களாம். இன்றைக்கும் ஒரு விரலில் இருந்தது.

புத்தகம் என்ற பேச்சை எடுத்ததும் அவள் முகம் இறுகியது.

"வேணாங்க. ஒரு நிமிஷம் கையை விட்டேன், அதுக்கே எங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல, வேலை செய்யற இடத்துல எல்லார் வாயிலயும் விழுந்து எழுந்திருச்சுட்டேன். புள்ளையைத் தொலைச்சவள்னு ஊரு பூரா படம் போட்டுக் காட்டணுமா?"

படக்காரம்மா சுருளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வருகிறவர்களை இடைமறிக்கக் கூடாது என்பது அவள் தொழில் பழக்கம். அந்தப் பெண் பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்க பொண்ணு அப்படிச் சொல்லலையேம்மா. நான் தொலையல, அம்மாதான் தொலைஞ்சு போயிட்டாங்கன்னு சொன்னா. அதைத்தான் புத்தகமா போடறோம். அன்னைக்கு அவ சொல்லச் சொல்ல நான் வரைஞ்சதை நீங்க பார்க்கவே இல்லையே."

சுருளைப் பிரித்தாள். சாமான்களுக்கு நடுவே தரையில் இடம் போதவில்லை. தலை கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போயிற்று. தாய் செருப்பைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். அப்படியே நடந்து போய்த் தாடையைப் பார்த்ததும், தானறியாமல் அவள் கை தன் தாடைக்கு அடியில் போயிற்று.

"என்னைக் குள்ளச்சின்னுதாங்க எல்லாரும் கூப்பிடுவாங்க" என்றாள். "ஸ்கூல்ல, வேலையில, எங்கேயும்."

அப்புறம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புத்தகத்துலயும் இவ்வளவு உயரமாவே போடுவீங்களா?"

"போடுவேன்" என்றாள் படக்காரம்மா. அந்த வாக்கு பின்னால் எத்தனை பேரைப் பாடாய்ப் படுத்தப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கே சின்ன மேடத்திடம் முறைப்படி வாக்குமூலம் வாங்கப்பட்டது. ஐந்து வயது ஆகப்போகிற அவளுக்கு இப்போது பேச்சு இன்னும் கூடியிருந்தது. பேருந்து நிலையம் எப்படி இருந்தது? "ஒரே காலு. நிறையக் காலு. ஒரு காலுக்கு மட்டும் சக்கரம்." பெட்டியைச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போலீஸ் மாமா எப்படி இருந்தார்? "மூக்குல ரெண்டு குகை. உள்ள இருட்டு. குகை வாசல்ல புல்லு." மேஜை? "அதுக்கு அடியில யாரோ பபிள்கம் ஒட்டி வெச்சிருக்காங்க. பச்சை."

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனதும் படக்காரம்மா செய்த முதல் காரியம், ஆய்வாளரின் மேஜைக்கு அடியில் தலையை நுழைத்ததுதான். பச்சைப் பபிள்கம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து வரைய ஆரம்பித்தாள்.

ஆய்வாளர் உள்ளே வந்து பார்த்துத் திடுக்கிட்டார். "என்னம்மா, கீழ ஏதாவது விழுந்திருச்சா?"

"அசையாம நில்லுங்க சார். உங்க மூக்கை வரைஞ்சிட்டிருக்கேன்."

அன்றிலிருந்து மதிய இடைவேளையெல்லாம் தரையில்தான். நடைகூடத்தில், பேருந்து நிலையத்தில், கடைத்தெருவில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து, நாலு வயசுக்காரி நிற்கிற உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தாள். போகிற வருகிறவர்கள் பாவம் என்று ஒதுங்கிப் போனார்கள். ஒரு நல்ல மனுஷன் காசுகூடப் போட்டுவிட்டுப் போனார். கால்கள் அவளுக்கு அப்போதுதான் கைவந்தன. அவசரமாக நடக்கிற கால், யாரையோ எதிர்பார்த்து நிற்கிற கால், வலிக்கிற கால். ஒவ்வொன்றும் ஒரு முகம் மாதிரி இருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் கோட்டை விட்டிருக்கிறோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

நிறம் அவளுக்கு ஒத்துவரவில்லை. பென்சில்தான் அவள் கை. அதனால் உலகம் முழுவதையும் கறுப்புவெள்ளையில் விட்டுவிட்டு, அம்மாவைச் சேர்ந்ததற்கு மட்டும் நிறம் வைத்தாள். குழந்தையின் நினைவில் வருகிற செருப்புப் பூவுக்குச் சிவப்பு, பிளாஸ்திரிக்கு நீலம். அம்மா வந்து சேர்கிற கடைசிப் பக்கத்தில் எல்லா நிறமும்.

மூன்றாவது மாதிரியைப் பதிப்பாசிரியர் கடைசிவரை புரட்டினார். கடைசிப் பக்கம் மேல்நோக்கி விரிந்தது. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அவர் எழுந்து நின்றுதான் முழுதாகப் பிரிக்க முடிந்தது. நின்றபடியே மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "கதவுப் படத்தை வரைஞ்சவங்க இவங்கதான்" என்றார்.

அச்சகத்துக்காரர் அவ்வளவு எளிதில் மசியவில்லை. மேல்நோக்கி விரியும் பக்கம் தைக்கும்போது கோணும், குழந்தைகள் இழுத்தால் கிழியும், அம்மாவைக் கொஞ்சம் சின்னதாக்கி இரண்டு பக்கத்துக்குள் அடக்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். பதிப்பாசிரியர்கூட ஒரு கட்டத்தில் தயங்கினார்.

"அவங்க உயரம் குறையும்" என்றாள் படக்காரம்மா. "நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

தடிமனான தாள் ஒன்று, பிறகு வேறொன்று, மடிக்கிற இடத்தில் முன்கூட்டியே கோடு அழுத்துவது என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை பக்கம் வழுக்கிக்கொண்டு எழுந்து நின்றது. அச்சகத்துக்காரர் தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், யோசனையே தன்னுடையது போல.

அட்டைக்குப் பெயர் கேட்டார்கள். படங்கள் என்று போட்டு அதன் கீழே அவள் பெயர் வர வேண்டும், அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்றார் பதிப்பாசிரியர். படக்காரம்மா சம்பளப் பதிவேட்டில் கிறுக்குவது போல ஒன்று போட்டாள். பிடிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு தாள் நிறைய எழுதிப் பார்த்தாள். ஊரில் இருக்கிற அத்தனை மூஞ்சியையும் வரையத் தெரிந்தவளுக்குத் தன் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் எழுதியது போல, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக எழுதிக் கொடுத்தாள். புத்தகம் வந்தபோது அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே புரட்ட வெகுநேரம் ஆயிற்று.

வெளியீட்டை வட்டார நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் வைத்திருந்தார்கள். பெரிய கூட்டமில்லை. முப்பது குழந்தைகள், அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்கள், முதல் வரிசையில் சின்ன மேடமும் அவள் அம்மாவும், கடைசி வரிசையில் சீருடையோடு வந்து நின்ற ஆய்வாளரும் பெண் காவலரும். பதிப்பாசிரியர் உரக்க வாசிக்க, படக்காரம்மா பக்கங்களைக் காட்டினாள். மூக்குக் குகை வந்தபோது குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். கடைசிப் பக்கத்தை அவள் மெதுவாக மேலே பிரித்தாள். முப்பது தலைகளும் அண்ணாந்தன.

"எங்க அம்மா!" என்று ஒரு பையன் எழுந்தான்.

"போடா, அது எங்க அம்மா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் அம்மா தடித்த, கண்ணாடி போட்ட பெண்மணி. படத்துக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத பொருத்தம். அதற்குள் நாலைந்து பேர் எழுந்து சண்டைக்கு நின்றார்கள். சின்ன மேடம் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் உட்காருங்க. எங்க அம்மாதான் இவங்க. உங்க அம்மாவும் இவ்வளவு பெருசுன்னா, நீங்களும் போய் படக்காரம்மாகிட்ட சொல்லுங்க, வரைவாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் அம்மா தலை குனியவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, முதுகை நிமிர்த்தி, நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கலைந்தபோது பெண் காவலர் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார். ஆய்வாளர் தயங்கித் தயங்கி வந்து ஒரு பிரதியை நீட்டினார். "என் பேரனுக்கும்மா. அந்த மூக்கு இருக்கற பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. தாத்தா மூக்குன்னு சொல்லணும்."

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் படக்காரம்மா பஸ் ஏறினாள். ஏறிய பிறகுதான் அது கணவர் ஓட்டுகிற பஸ் என்று தெரிந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். பின்பக்கமாக ஏறியிருந்ததால் அவர் இவளைப் பார்க்கவில்லை. முன்னால் ஏதோ கைமாறிக் கைமாறிப் போவது தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய புத்தகம்! ஒரு பெரியவர் கடைசிப் பக்கத்தைப் பிரிக்கத் தெரியாமல் பிரிக்க, அது நிமிர்ந்து முன்னால் நின்றவரின் தோளில் இடித்தது. யாரோ சிரித்தார்கள்.

பஸ் சிக்னலில் நின்றது.

"பார்த்துப் பிரிங்க சார், கிழிச்சிடாதீங்க" என்று கணவரின் குரல் கேட்டது. "என் பொண்டாட்டி வரைஞ்சது. தரையில உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல வரைஞ்சா. பதினாலாவது பக்கத்துல நிக்கற காலு என்னுது."

"அப்படியா! அவங்க எங்க இருக்காங்க?" என்றார் பெரியவர்.

கணவர் பதில் சொல்லக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கூட்டத்தின் நடுவில் அவள் முகம் தெரிந்தது. ஒரு கணம் திகைத்தவர், அப்புறம் வாயெல்லாம் பல்லாக, "அட, அதோ நிக்கறாங்க பாருங்க! நீலப்பையோட! அவங்கதான்!" என்றார்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்றைக்குத் திருப்பவில்லை. ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள். "நான்தாங்க" என்றாள். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகும், அவள் கணவர் வண்டியை எடுக்கவில்லை.